நிறுத்தச் சொன்னேன்

ஜூன் 3, 2025, செவ்வாய்

ராஜினாமா கொடுத்துவிட்டேன். கம்பெனி இணையதளத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் ஒரு மாத நோட்டீஸ் ஓடத் தொடங்கிவிடும். வாடிக்கையாளரின் கணினி இயந்திரம் செயலிழந்து விழுந்ததற்கு ஹரிநாராயணன் எல்லார் முன்னாலும் என்னைக் காய்ச்சுவார், மேலாளர் என்பதற்காக நான் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? அதில் ஓடும் நிரலில் டைமர் பகுதி நான் எழுதியதுதான். அதற்காக?

ஜூன் 4

ரைஹானத் சத்தம் போடவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "மேலப்பாளையத்துல உக்காந்து வேல பாக்க வேற எவன் விடுவான்? நீங்க பெங்களூருக்குப் போயிருவிய. நான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்தத் தூக்கிட்டா வர முடியும்?"

கோபத்தில் வீட்டையே மறந்திருக்கிறேன். மடையன்.

ஜூன் 6

நாளைக்குப் பெருநாள். வெட்கத்தை விட்டு ஹரிக்கு போன் செய்தேன். "விடு அப்ரார், நானும் அதிகமா பேசிட்டேன். ஹெச்.ஆர்கிட்ட நோட்டீஸ நிறுத்தச் சொல்லிடறேன்" என்றார். அப்பாடா.

ஜூன் 12

வாடிக்கையாளர் இயந்திரம் மறுபடி விழுந்தது. ஒரு தகவல் பாக்கெட்டை அனுப்பும்போதே ஒரு டைமர் வைக்கிறோம். பதில் வராவிட்டால் அது எழுந்து மறுபடி அனுப்பும். பதில் முன்பே வந்துவிட்டால் டைமரை நிறுத்தி, நினைவகத்தில் அதற்குக் கொடுத்த இடத்தை அழித்துவிடுவோம். இதில் விழ என்ன இருக்கிறது? இங்கே என் கணினியில் ஓடுகிறது. அங்கே விழுகிறது.

ஜூன் 13

ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூன் 19

சோறு இறங்கவில்லை. ரைஹானத்தைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது ஆற்றுப் பாலத்திலேயே வண்டியை நிறுத்தி யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "ஏலே, நடுப்பாலத்துல நின்னு என்னலே கனாக் காணுத?" என்று பின்னால் ஒருவர். நியாயமான கேள்வி.

ஜூன் 24

பிடித்துவிட்டேன்.

அந்த இயந்திரத்தில் பல கோர்கள், ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் மூளைகள் மாதிரி. ஒரு கோருக்குப் பதில் வந்து சேரும் அதே நேரத்தில் இன்னொரு கோரில் டைமர் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. நிறுத்தச் சொன்னால், 'ஓடிக்கொண்டிருக்கிறது, முடியாது' என்று பதில் சொல்கிறது. அந்தப் பதிலை என் நிரல் பார்ப்பதே இல்லை. நின்றுவிட்டது என்று நினைத்து இடத்தை அழித்துவிடுகிறது. உட்காரக் குனிகிறவன் பின்னால் நாற்காலியை இழுத்த மாதிரி. ஓடுவது முடியும்வரை காத்திருந்து நிறுத்தும் கட்டளை நிரல் தொகுப்பிலேயே இருக்கிறது. அதைப் போட்டேன்.

ரைஹானத்திடம் எல்லாம் சொன்னேன். "நின்னுட்டியான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா தீந்துச்சு. இதுக்கா இத்தன நாளா மூஞ்சியத் தூக்கிட்டு இருந்திய?"

ஜூலை 2

வாடிக்கையாளர் இயந்திரத்தில் ஏற்றியாயிற்று. விழவில்லை. ஹரி எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஆனாலும் ராத்திரி எழுந்து எழுந்து, ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என்ன புத்தியோ.

ஜூலை 4, வெள்ளி

காலையில் கம்பெனி மடிக்கணினி கடவுச்சொல்லை ஏற்கவில்லை. தப்பாக அடித்தேனா? மறுபடி. மறுபடி.

ஹரிக்கு போன் செய்தேன். "நோட்டீஸ நிறுத்தச் சொல்லி நான் அன்னிக்கே மெயில் போட்டேனே" என்றார்.

"பதில் என்ன வந்துச்சு சார்?"

மெயில் பெட்டியில் தேடிப் பார்த்துச் சொன்னார்: "உன் இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு, இனிமே நிறுத்த முடியாதுன்னு... அன்னிக்கே வந்திருக்கு. நான் திறக்கவே இல்லப்பா."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. நான் மட்டும் கேட்டேனா?

மாலையில் ரைஹானத் வந்ததும் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

பெங்களூரு. விடுதி அறை. நாளைக்குப் புது வேலை.

ரைஹானத் போனில் கேட்டாள்: "சாப்பிட்டியளா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டிய?"

செருப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.