வலமிருந்து மூன்றாவது

11 அக்டோபர் 1994, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். போட்டோக் கடையில் ஹீட்டர் பழுது. டார்க் ரூமுக்குள்ளும் கோட்டோடுதான் வேலை.

அல்ஜீரியாக்காரர் கரீம் போன் பண்ணினார். அங்கே அவர் வேலை செய்த பத்திரிகையில் இன்னொருவர் போய்விட்டார். வீட்டு வாசலில், காரில் ஏறும்போது சுட்டிருக்கிறார்கள். மதத்தின் பெயரால் துவக்கு எடுத்தவர்கள். முதலில் கடிதம் வந்ததாம், உள்ளே ஒரு துண்டு வெள்ளைத் துணி. பிரேதம் சுற்றுகிற துணி. கரீமும் ஐந்து வேளை தொழுகிறவர்தான். "அவர்கள் என்னையும் முஸ்லிம் இல்லை என்கிறார்கள்" என்று ஒருநாள் சொன்னார்.

போன வருடம் தப்பி வந்தவர். பத்திரிகை அலுவலக மொட்டைமாடியில் பதினொரு பேர் நிற்கும் படம் ஒன்று, அதன் நெகட்டிவ் எங்கள் கடையிலேயே இருக்கிறது. ஒருவர் செத்தால் அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுப்பேன், இங்குள்ள நண்பர்கள் கூடி அஞ்சலி செய்ய. இதுவரை மூன்று.

எப்போதும் நேரில் வந்து விரலால் காட்டுவார். இன்று அவருக்கு ஷிப்ட். "பின்வரிசையில் மூன்றாவது" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டார்.

12 புதன்
பின்வரிசையில் மூன்றாவது ஒரு பெண். கட்டை முடி. சிரிப்பு. மருந்துத் தண்ணீருக்குள் முதலில் கண்கள்தான் வந்தன, பிறகு வாய். சிவப்பு வெளிச்சத்தில் என்னையே பார்த்துக்கொண்டு. மற்ற மூன்று பேரும் இப்படிப் பார்க்கவில்லை.

வாங்க: பால், வெங்காயம், பல்ப்.

13 வியாழன்
கரீம் உறையைத் திறந்தார். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது நதியா. உயிரோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசினேன்."

நான் இடமிருந்து எண்ணியிருக்கிறேன். அவர் அரபு வாசிக்கிறவர், வலமிருந்து.

கிழிக்கப் போனேன். கையைப் பிடித்தார். "வேண்டாம். கிழிக்காதீர்கள்." கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். சரியான முகத்தைப் பின்னேரம் அடித்தேன். இரண்டு தாள் வீண்.

கூட வேலை செய்யும் சாந்தி அக்காவிடம் சொன்னேன்.

"நீ என்ன யமனோ? பிழையா ஒரு படம் அடிச்சனீ, அவ்வளவுதான். போய்த் தேத்தண்ணி போடு."

17 திங்கள்
பஸ்ஸில் முன் சீட்டில் கட்டை முடிப் பெண். இறங்கும்போது திரும்பினாள். வேறு யாரோ.

கடைப் போன் அடித்தது. எடுக்கவில்லை.

"ஏன் எடுக்கேல்லை?" சாந்தி அக்கா.

"கரீமா இருந்தா?"

அவரும் எடுக்கவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்து அடித்துத் தானாக நின்றது.

27 வியாழன்
கரீம் வரவேயில்லை. செத்தவரின் படம் இன்னும் மேசை லாச்சிக்குள். லாச்சியைத் திறக்காமலே வேலை செய்யப் பழகிவிட்டேன்.

இரவு வீட்டில் இவருக்கு நதியாவைப் பற்றிச் சொன்னேன். "ஊரில எத்தினை சாவைப் பாத்தனாங்கள். முகம் தெரியாத ஆளுக்கு ஏனப்பா இப்பிடி?" முகம் தெரியாத ஆளா? நதியாவின் கண்ணோரச் சுருக்கம்கூட எனக்குத் தெரியும்.

22 நவம்பர், செவ்வாய்
வெயில், கடும் குளிர். பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. படத்திலிருந்த அதே பெண். பின்னால் கரீம்.

சாந்தி அக்கா கதிரை இழுத்துப் போட்டார், அவருக்கல்ல, எனக்கு.

நதியா பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் சொன்னது: படத்தைப் பார்த்த அன்றே கரீம் போன் பண்ணி, வீட்டில் தங்காதே என்றாராம். "பைத்தியமா என்று கேட்டேன். ஆனாலும் சிநேகிதி வீட்டுக்குப் போனேன்." மூன்றாம் நாள் ஆட்கள் வந்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

"திறந்தது என் தம்பி."

குரலில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதி விண்ணப்பத்துக்கு பாஸ்போர்ட் அளவுப் படம் நாலு வேண்டுமாம். ஸ்டூலில் இருத்தினேன். கமராவுக்குள்ளால் அந்த முகம். விரல் அமத்த மறுத்தது.

"எடுங்கள்" என்றார் நதியா.

எடுத்தேன்.

வியாழன் நேர்முகம். கரீமுக்கு லீவு இல்லை, நதியாவுக்கு வழி தெரியாது. நான் மூன்று தரம் போய் வரிசையில் நின்ற கட்டடம் அது. "நானும் வாறன்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில்.

காலை ஏழு மணி, இல்ஃபோர்ட் ஸ்டேஷன் வாசல்.