எட்டுத் தொப்பி, ஒன்பது பெயர்

ஏப்ரல் 19, சனி

நான் கண்டெடுத்த போட்டோவை ஆஸ்பத்திரி வாசல் சுவரில் ஆறடி உயரத்துக்கு ஒட்டப்போகிறார்கள், ஆறடி, என்னைவிடப் பத்து அங்குலம் அதிகம், ஐயோ!

வரிசையாக எழுதுகிறேன். போன மாதம் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் பழைய ஆல்பம் ஒன்று வாங்கினேன். உள்ளே, 1911-இல் எங்கள் டுலூத் ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்த படம். கட்டிலைச் சுற்றி, கஞ்சி போட்ட தொப்பியோடு எட்டு நர்ஸ்கள். பின்பக்கம் பென்சிலில் "இந்த வருடம் தேறிய ஒன்பது நர்ஸ்கள்" என்று எழுதி, ஒன்பது பெயர்கள். எட்டு முழுப் பெண் பெயர்கள், கடைசிப் பெயர் மட்டும் இ. ஹால்வர்சன்.

எட்டுத் தொப்பி, ஒன்பது பெயர்! ஒன்பதாமவள் எங்கே? என் அபார மூளை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டது: கேமராவுக்குப் பின்னால். படத்தை எடுத்தவளே அவள்தான். 'இ' என்ற ஆங்கில எழுத்துக்கு எலினோர் என்று பெயரும் வைத்தேன். வலது ஓரத்தில் ஒரு வார்டு வேலையாள் நின்று அழகைக் கெடுத்தான். அவனைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு, எலினோர் கதையோடு இணையத்தில் பதிவு போட்டேன். நாற்பதாயிரம் பேர் பகிர்ந்தார்கள்.

பேக்கரியில் டோனட் அடுக்குகிறவள், நர்சிங் பள்ளி வாசலை மிதிக்காதவள், இன்று முதல் "வரலாற்று ஆய்வாளர் இங்கா". ஆஸ்பத்திரி விளம்பரப் பிரிவு மர்லிஸ் அப்படித்தான் எழுதியிருக்கிறார். மே 12 திறப்பு விழா. நான் பேசணுமாம்!

ஏப்ரல் 23

கண்ணாடி முன்னால் நான்கு முறை பேசிப் பார்த்தேன். நான்கு முறையும் எலினோர் வரும் இடத்தில் அழுகை. அவள் பெயர் என் ஊகம். அழுகை நிஜம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அண்ணன் சோரன் வந்தான். அதே ஆஸ்பத்திரியில் ஏழு வருடமாக நர்ஸ். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து, மிச்சமிருந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷைச் சூடுகூடப் பண்ணாமல் தின்றான்.

"இன்னிக்கு ஒரு பெரியவர், 'டாக்டரா தம்பி'ன்னாரு. இல்லன்னேன். 'அப்ப ஸ்ட்ரெச்சர் தள்றவரா'ன்னாரு. நர்ஸுங்கன்னேன். 'சரி சரி, நெஜ நர்ஸம்மாவக் கூப்புடு'ங்கறாரு."

சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். பிறகு போனில் படத்தைக் காட்டினேன். வெட்டியதுக்குப் பதிலாக முழுப்படம் திறந்துவிட்டது.

"யாரு இவன்?"

"வார்டு வேலையாள். பேஷண்ட்டத் தூக்கறவன்."

"யாரு சொன்னா?"

"பாத்தாலே தெரியலயா? தொப்பி இல்ல."

"ஆம்பள நர்ஸுக்கு எவடீ தொப்பி குடுத்தா? கையப் பாரு, லூசு. பேஷண்ட் மணிக்கட்டுல மூணு வெரலு. இன்னொரு கையில வாட்ச். நாடி எண்றான்."

பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் காலரில் வட்டமாக ஒரு பின். நர்சிங் பள்ளியில் தேறியவர்களுக்கு மட்டும் குத்துவது. எட்டுப் பெண்களின் காலரிலும் அதே பின்.

"ஒம்பது" என்றான் சோரன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 28

யாருக்குத் தெரியப்போவுது? ஒட்டுனா ஒட்டட்டுமே. நாப்பதாயிரம் பேர் முன்னாடி நானே போய் அசிங்கப்படணுமா? ஆறடி சுவர் மறுபடி எப்ப கெடைக்கும்?

— சோரன் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறான்.

ஏப்ரல் 29

நாளை படம் அச்சுக்குப் போகிறது. மூன்று வருடமாக நான் இணையத்தில் கத்துவது ஒன்றே ஒன்று: "நர்ஸ்களை வரலாறு மறந்துவிட்டது!" வரலாறு மறந்ததோ இல்லையோ, கையில் கிடைத்த ஒரு நர்ஸை நான் கத்தரித்து எறிந்தேன். கூடப் பிறந்தவனே நர்ஸ், எனக்குத் தெரிந்தது தொப்பி மட்டும்.

மர்லிஸுக்குப் போன் போட்டேன்.

"அப்ப எலினோர்?" என்றார்.

"இல்லீங்க."

"இல்லன்னா?"

"அப்படி ஒருத்தரே இல்லீங்க. நானாப் பெத்தது."

"ஏம்மா, அவங்க பேர்ல ஒரு அறைக்கே போர்டு எழுதச் சொல்லிட்டேன்."

"நிறுத்திருங்க. ப்ளீஸ்."

"முழுப்படத்த அனுப்புங்க. ஒங்க பேச்சு... அத நாங்க யோசிச்சுச் சொல்றோம்."

யோசிப்பதென்றால் ரத்து. எனக்கும் அவ்வளவு ஆபீஸ் பாஷை புரியும்.

மே 1

திருத்தப் பதிவைப் பகிர்ந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருத்தர் அம்மா.

மே 12

பேச்சு ரத்துதான். ஆனால் விழாவுக்கு டோனட் எங்கள் பேக்கரியிலிருந்து! ஆகவே வரலாற்று ஆய்வாளர் இரண்டு தட்டுகளைச் சுமந்துகொண்டு பின்வரிசையில் நின்றாள்.

திரை விலகியது. முழுப்படம். கீழே "ஒன்பது நர்ஸ்கள், 1911". அவ்வளவுதான். வலது ஓரத்தில் அவர், ஆறடி உயரப் படத்தில், வாட்சைப் பார்த்தபடி.

சோரன் இடைவேளையில் ஓடி வந்தான். என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தபடி ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தான்.

"ரொம்ப அழுத்திப் புடிக்கிறான். அப்படிப் புடிச்சா நாடி கெடைக்காது" என்றான். மூக்கு சிவந்திருந்தது. குளிர்தான் என்றான். டுலூத்தில் மே மாதக் குளிரை நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போட்ட பதிவு, இங்கேயும் இருக்கட்டும்:

"இ. ஹால்வர்சனின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. நானாக வைக்க மாட்டேன், சத்தியம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பழைய ஆஸ்பத்திரிப் படங்களில் ஓரமாக ஆண்கள் யாராவது நின்றால் காலரைப் பெரிதாக்கிப் பாருங்கள், எனக்கும் அனுப்புங்கள். தயவுசெய்து வெட்டாமல் அனுப்புங்கள்."