படகை எடுக்காத காலை

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை படகுக்குத் தார் காய்ச்சினோம். நோர்வூட் பஜாருக்குத் திரும்பி, குளித்து, என் துணிக்கடையில் உட்கார்ந்த பிறகும் அந்த வாடை என் விரல்களை விட்டுப் போகவில்லை. சேலை பார்க்க வந்த ஒருவர், "என்னமோ கருகுற மாதிரி இருக்குங்களே" என்றார். என் கைதான் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. தார் வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க இந்த வருடம் நீங்கள் இல்லை.

அந்தப் படகு கிடந்த கோலம் நினைவிருக்கிறதா? அணை கட்டிய காலத்தில் வேலையாட்களை ஏற்றிப் போன மரப்படகு. பிறகு யாருக்கும் வேண்டாததாகி, உங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய நீர்த்தேக்கக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. மழைக்கு ஆடுகள் அதன் அடியில் ஒதுங்கின. கராஜ் வைத்திருக்கும் நிமல் அண்ணன்தான் முதலில் அதைத் தட்டிப் பார்த்தார். தெற்குக் கடற்கரையிலிருந்து வந்த சிங்களவர் அவர். "பலகை இன்னும் செத்துப் போகல்ல" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி நாம் சிலர் ஞாயிறுதோறும் கூடினோம். பலகை இடுக்குகளில் எண்ணெய்ப் பஞ்சைத் திணித்தோம், தார் பூசினோம், பழைய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினோம். கோயிலுக்குப் போகிறவர்களையும் நடக்க முடியாத வயதானவர்களையும் இலவசமாக ஏற்றி இறக்கினோம். "ஞாயித்துக்கெழம கப்பல்" என்று பஜாரில் கேலி பேசினார்கள்.

நான் கடையின் கல்லாவிலிருந்து தப்பிக்க வந்தவள். நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "வாரம் பூராவும் மலையிலயே நின்னு கொழுந்து எடுக்குறேன். ஒரு நாளாவது தள்ளி நின்னு அந்த மலையப் பாக்கணும்ல" என்றீர்கள். சுக்கானைப் பிடிக்கக் கற்றுக்கொண்டபோது நாம் இருவரும் ஒன்றாகத்தான் தடுமாறினோம். கரையிலிருந்த மரத்தில் நீங்கள் ஒரு தடவை மோதினீர்கள், நான் பல தடவை. அதனால்தான் நிமல் அண்ணன் ஒரு விதி வைத்தார்: அன்றைக்குச் சுக்கான் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே முடிவு. மற்றவர்கள் வாதாடலாம், மீறக் கூடாது.

அந்த விதி எவ்வளவு கனமானது என்று அந்த மழை வாரத்தில்தான் தெரிந்தது. மண் சரிந்து நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் ரோடு அறுந்துவிட்டது. உங்கள் தோட்டத்துக்கு அரிசியும் மாவும் கொண்டு வர நம் படகைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு நாள் மூட்டை ஏற்றினோம். கேலி பேசியவர்களே மூட்டை தூக்க வந்தார்கள். இரண்டாம் நாள் மாலை மிதந்து வந்த ஒரு மரக்கட்டை பக்கவாட்டில் இடித்து, பலகை இடுக்கு ஒன்று பிளந்தது. நிமல் அண்ணன் அவசரத்துக்குப் பஞ்சை வைத்து அடைத்தார். அன்றிரவு அவரும் நானும் தோட்டத்து லயத்தில், உங்கள் வீட்டிலேயே தங்கினோம்.

மறுநாள் பிள்ளைகளுக்கு ஓ.எல். பொதுத் தேர்வில் கணிதப் பரீட்சை. பரீட்சை மண்டபம் அக்கரையில், நோர்வூட் பக்கம். விடிந்ததும் வெள்ளை உடுப்போடு, சப்பாத்துகளைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் கரையில் நின்றார்கள். உங்கள் மகளும் நின்றாள். தண்ணீரில் காற்று ஏறி, அலை நுரைத்துக்கொண்டிருந்தது. அன்று சுக்கான் உங்கள் முறை. நீங்கள் படகில் இறங்கி, அடைத்த இடுக்கைத் தொட்டுப் பார்த்தீர்கள். அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தது. காற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"புள்ளைங்கள ஏத்த மாட்டேன்" என்றீர்கள்.

ஒரு தகப்பன் முன்னால் வந்தார். "நேத்து அரிசிய ஏத்துனீங்கல்ல? இன்னைக்குப் புள்ளைங்கள ஏத்த மாட்டீங்களா?"

"அரிசி நனைஞ்சா காய வைக்கலாங்க."

நான் உங்கள் காதருகே வந்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே போய்விடலாம் என்றேன். நிமல் அண்ணனும் தயங்கித் தயங்கி, "போகலாம் போலத்தான் இருக்கு. ஆனா நீங்க சொல்லுங்க" என்றார். அப்போதுதான் உங்கள் மகள் உங்கள் கையைப் பிடித்தாள். "அம்மா, ஒரு வருசம் போயிரும்மா." நீங்கள் சுக்கானின் கைப்பிடியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கரையேறிவிட்டீர்கள்.

பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேயிலை மலைக்கு மேலே ஏறிச் சுற்றுப்பாதையில் நடந்தீர்கள். பின்னால் தகப்பன்மார், அவர்களுக்குப் பின்னால் நான். உச்சியை அடைந்தபோது காற்று அடங்கிவிட்டிருந்தது. கீழே தண்ணீர் துடைத்து வைத்த தட்டு மாதிரிக் கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பிறகு உங்களைப் பார்த்தார்கள். மண்டபத்தை அடைந்தபோது நேரம் கடந்துவிட்டது. உள்ளே விடவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் பட்டது எனக்குத் தெரியும். மலையில் தேத்தண்ணி நேரத்தில் யாரும் உங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. உங்கள் மகள் ஒரே அறையில் இருந்துகொண்டு பல வாரம் பேசவில்லை. அப்படியிருந்தும் அடுத்த ஞாயிறு நீங்கள் படகுக் கரைக்கு வந்து, எப்போதும் போலத் தண்ணீர் இறைத்தீர்கள்.

வெயில் காலத்தில் படகைக் கரையேற்றி அந்த இடுக்கைப் பிரித்தோம். உங்கள் பக்கம் நியாயம் கிடைக்கும் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். நிமல் அண்ணன் பஞ்சை விரலால் நிமிண்டிப் பார்த்தார். "தாங்கியும் இருக்கும். தாங்காமலும் இருக்கும். இதப் பாத்துச் சொல்ல ஏலாது" என்றார். எனக்குத்தான் ஏமாற்றம். நீங்கள் தேத்தண்ணிக்குச் சீனி இருக்கிறதா என்று கேட்டீர்கள்.

அன்று உங்களிடம் நேராகவே கேட்டேன். "போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, இல்லக்கா?"

"ஆகியிருக்காது போலத்தாங்க. எனக்குத் தெரியல. தெரியாமப் புள்ளைங்கள எப்படிங்க ஏத்துறது?"

உங்கள் மகள் மறு வருடம் கணிதம் எழுதித் தேறினாள். இப்போது ஹட்டனில் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். அவள் தேறிய செய்தியை நீங்கள் என் கடைக்கே வந்து சொன்னீர்கள். அவள் உங்களோடு பேச ஆரம்பித்து வெகுநாள் ஆகிவிட்டது என்பதையும் சொன்னீர்கள். அதைச் சொன்னபோதுதான் உங்கள் முகம் மலர்ந்தது. சில மாதம் கழித்து, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளவிக் கூடு கலைந்து, குளவிகள் கொட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். தண்ணீருக்கு அவ்வளவு பயந்து நடந்த உங்களை மலை எடுத்துக்கொண்டது. சவப்பெட்டிக்கு முன்னால், அன்று கரையில் உங்களைக் கேள்வி கேட்ட அந்தத் தகப்பனும் நின்றார். சுமக்கத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

போன மாதம் கோயில் திருவிழா. சுக்கான் என் முறை. கரையில் ஏறக் காத்திருந்த கூட்டம் பெரிது, எதிரே மலைமுகட்டில் கறுத்துக்கொண்டு வந்த மேகமும் பெரிது. "இன்னைக்கு வேணாங்க" என்றேன். பூசைக்கு நேரமாகிறது என்றார்கள். கடைக்காரிக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். நான் அசையவில்லை. மழை அன்று வரவேயில்லை. மேகம் கொட்டகலைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

கூட்டம் கலைந்த பிறகு என் கை நடுங்க ஆரம்பித்தது. படகுக் கயிற்றைக்கூட என்னால் கட்ட முடியவில்லை. உங்கள் கணவர் வந்து கட்டினார். அக்காவாக இருந்தால் இப்படி நடுங்கியிருக்க மாட்டார் என்று அவரிடம் சொன்னேன். அவர் முடிச்சை இறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"பரீட்ச அன்னைக்கு சாயந்தரம் அவளால கோப்பையப் புடிக்க முடியலங்க. நாந்தான் புடிச்சுக் குடிக்க வச்சேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா."

அக்கா, உறுதியானவர் என்று இத்தனை நாளும் உங்களை எட்ட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் போலவே நடுங்கிய ஒருத்தி என்று இப்போதுதான் தெரிந்தது. இனி என் முறை வரும்போது, நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். நடுங்கிக்கொண்டே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன்.