இன்னும் வராத ஆளுக்கு ஒரு பிரீமியம்

1979 பிப்ரவரி 6
காலையிலிருந்து மூடுபனி விலகவே இல்லை. ஏரி எது, ரோடு எது என்று தெரியவில்லை. டாக்சிக்கு இன்சூரன்ஸ் கட்ட, பஜாரில் ஏஜெண்ட் ஒலியுல்லா பாய் கடைக்குப் போனோம். டாக்டர் வீட்டிலும் இதே அம்பாசிடர்தான். பிரீமியம் அவருக்குக் குறைவு, எங்களுக்குக் கூட. ஏன்?

என் வீட்டுக்காரருக்குக் கோபம். "ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல பாய். என் கையப் பாத்து வெல போடுங்க."

"உங்க கைக்கு இல்லண்ணே வெல. டாக்டர் வண்டி பாதி நாள் ஷெட்டுல கெடக்கு. உங்க வண்டி வெள்ளனே கெளம்புனா இருட்டுற வரைக்கும் ரோட்டுல. எவனாவது குறுக்க வந்துட்டா, அவன் கை காலுக்கு, அவன் பொழப்புக்கு வெல. ஒத்த ஆளால குடுக்க முடியாதுல்ல? அதான் எல்லா வண்டிக்காரங்களும் முன்கூட்டியே பங்கு போட்டுக் கட்டுறது."

"அந்த ஆளு யாரு பாய்?" என்று கேட்டேன்.

"இன்னும் வரலக்கா."

எங்கள் வண்டி சேதமானால் கிடைக்கும் பகுதி வேண்டாம் என்றுவிட்டோம். சட்டப்படி கட்டியே ஆக வேண்டியது, எங்கள் வண்டியால் அடிபடுகிற அடுத்தவருக்கானது, அது மட்டும். வீட்டுக் கணக்கில் இதை எங்கே எழுதுவது? 'தர்மம்' என்று எழுதி, அடித்துவிட்டேன். மனசோடு கொடுக்கலையே.

பிப்ரவரி 9
ஜெபமாலை சொல்லும்போது அந்த ஆள் நினைவு. பனிக்குள் எங்கேயோ நடந்துகொண்டிருப்பார். தலையில் சாக்கைப் போட்டிருப்பாரோ? பீடி குடிப்பாரோ? மாதாவே, அவர் எங்கள் பக்கம் வராமலே போகட்டும்.

ஜூலை 18
வந்துவிட்டார்.

ஜூலை 19
நேற்று எழுத முடியவில்லை. பூம்பாறைக்குச் சவாரி போன இடத்தில். கை பிரேக் பிடிக்காததால் சரிவில் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். மலையில் எந்த டிரைவர் செய்யவில்லை? காற்று வந்து, ரோட்டோரம் குவித்திருந்த பூண்டு மேல் மூடியிருந்த படுதா பறந்திருக்கிறது. பூண்டுக்காரர் சின்னக்கருப்பன், படுதாவுக்குப் பாரம் வைக்க, கண்ணில் பட்ட அந்தக் கல்லை உருவியிருக்கிறார். வண்டி உருண்டு அவர் கால் மேல். முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டதாம்.

இவர் சாப்பிடவில்லை. "நான் வண்டியிலயே இல்லியே இசபெல்லா" என்று மட்டும் திரும்பத் திரும்ப.

1981 மார்ச் 10
சின்னக்கருப்பன் நஷ்டஈடு கேட்டுப் போட்ட கேஸில், நாளை மறுநாள் மதுரைக் கோர்ட்டில் இவர் சாட்சி. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சொல்லி அனுப்பியிருக்கிறார்: கல்லை எடுத்தது அந்த ஆள்தானே, கை பிரேக் பற்றி வாயைத் திறக்காதீர்கள். பாய் ஒளிக்காமல் சொன்னார். பேசாமல் இருந்தால் சின்னக்கருப்பனுக்கு ஒன்றும் தேறாது. பேசினால் லைசென்ஸுக்கு ஆபத்து.

"லைசென்ஸ் போனா சோத்துக்கு?"

"வில்பட்டிக்கு கேரட் கழுவப் போறேன்."

"நீயா? மூஞ்சி கழுவவே வெந்நி கேக்குறவ."

சிரித்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கணுமோ? அந்த ஆளின் முகம் தெரியாதபோது எவ்வளவு லேசாக வேண்டிக்கொண்டேன்.

மார்ச் 12
நானும் போனேன். வக்கீல் கேட்காமலே இவர் சொன்னார்: "கை பிரேக் கெட்டு ஒரு மாசமாச்சுங்கய்யா. கல்ல நம்பித்தான் விட்டேன்." சின்னக்கருப்பன் தலை நிமிரவே இல்லை. கக்கத்தில் ஊன்றுகட்டை, ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

ஜூன் 23
தீர்ப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிதான் சின்னக்கருப்பனுக்குக் கொடுக்க வேண்டும். இவர் லைசென்ஸை மூன்று மாசம் நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 2
வில்பட்டி. தண்ணீரில் விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கேரட் மட்டும் சிவப்பாக மிதந்து போகிறது, கனவில் போகிற மாதிரி.

1982 பிப்ரவரி 8
பிரீமியம் கட்டிவிட்டு, பூம்பாறைக்குச் சவாரி. இரண்டரை வருஷத்துக்குப் பிறகு. நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊருக்குள் நுழையும்போது பனி. அது விலகினால், டீக்கடை எதிரே தராசு வைத்துக்கொண்டு சின்னக்கருப்பன். நஷ்டஈடாக வந்த பணத்தில் பூண்டு வாங்கி விற்கிறாராம்.

வண்டியைப் பார்த்ததுமே கத்தினார். "டிரைவரண்ணே, எறக்கத்துல விட்றாதீங்க. ஒத்தக் காலுதான் மிச்சம்."

இவர் சமதரை பார்த்து நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். அவர் பக்கத்தில், சாக்கிலேயே உட்கார்ந்தார். சொத்தைப் பூண்டு ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம் என்று இரண்டு பேருமாகப் பிரித்துப் போட ஆரம்பித்தார்கள்.