கொடிக்கு அருகே கழற்றிய சப்பாத்து

முருகன் துணை

காஜா பெராங், மலாக்கா
2.3.1959

அன்புள்ள தம்பி சொக்கப்பனுக்கு ஆத்தா எழுதுவது. தண்டாயுதபாணி கிருபையில் நான், அப்பச்சி, உன் தங்கை உமையாள் மூவரும் உடம்புக்கு நலம். அலோர் ஸ்டாரில் நீயும் உடம்புக்கு நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே, அது இங்கே நலமாக இல்லை.

மாசி மகத்துக்கு வந்தபோது அப்பச்சியைக் கோல்ஃப் ஆடக் கூட்டிப் போனாயே, அங்கே நடந்தது எனக்கு நேற்றுத்தான் தெரியும். உங்களோடு ஆடின ஜவுளிக்கடை முகைதீன், உமையாளுக்குச் சீலை காட்ட வந்தவர், "ஆச்சி, தப்பா எடுத்துக்காதீங்க, செட்டியார் முகம் அன்னிக்கு அப்படியே சுருங்கிப்போச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்பச்சியோ அன்று வீட்டுக்கு வந்து, "புல்லு நல்லாக் குளுகுளுன்னு இருந்துச்சு" என்றதோடு சரி.

வெள்ளைக்காரன் மட்டும் ஆடின திடலில் இப்போது நாமும் ஆடலாம், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஒன்பது குழி உள்ள சின்னத் திடல் போதும், அப்பச்சி தயாராக இருக்கட்டும் என்று எழுதினது நீதானே. அதோடு நீ எழுதின ஆட்ட விதிகளை விளக்கு வைத்ததும் தினமும் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அடி பட்டுப் பெயர்ந்த புல்லை எடுத்துவைத்து மிதிக்க வேண்டும், மணல் பள்ளத்தில் கால் தடத்தைக் கலைக்க வேண்டும், பின்னால் வருகிறவர் வேகமாக வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும், ஒரு குழிக்கு எட்டுத் தடவைக்குமேல் அடிக்க வேண்டிவந்தால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், அதில் வெட்கமில்லை. எல்லாம் நீ எழுதினது. கொடி நட்டிருக்கும் வழுவழுப்பான புல் கோயில் மாதிரி, சப்பாத்தால் தேய்க்கக் கூடாது என்றும் நீதான் எழுதினாய். கோயில் என்றால் கழற்றிவிட்டுப் போங்கள் என்று சொன்னது நான். வேறு என்னவென்று நினைப்பேன்? உனக்காக வேட்டியை விட்டுக் கால்சட்டை போட்ட மனுஷர், நான் வீட்டுக் கணக்கில் இழுத்துப் பிடித்து வாங்கிக் கொடுத்த கான்வாஸ் சப்பாத்தைக் கொடிக்கு அருகே ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு பந்தின் முன்னால் நின்றார். அப்போது உன் சினேகிதன் கலியாணசுந்தரம், "யாருப்பா இவரு, சாமி கும்பிட வந்தாரா?" என்று கேட்டானாம். நீயும் சேர்ந்து சிரித்து, "தெரிஞ்சவருதான், இப்பத்தான் பழகுறாரு" என்றாயாம்.

தெரிந்தவர்! பெற்ற தகப்பன், காய்ச்சலில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு செமாபோக் வரை வைத்தியரிடம் நடந்தவர் உனக்குத் தெரிந்தவர்தான். ஒருவர் அடிக்க நிற்கும்போது பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, அசையவும் கூடாது என்பது நீ எழுதின முதல் விதி. அதை மீறினது யார்? அவர் பந்து எங்கோ ஓடினதாம். பெயர்ந்த புல்லை அப்போதும் குனிந்து எடுத்துவைத்து வெறுங்காலால் அழுத்திவிட்டுத்தான் வந்தாராம். சப்பாத்தைக் கழற்றக் கூடாதென்றால் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். உனக்கு வாய் இருந்தது, அது வேறெதற்கோ பயன்பட்டது.

முகைதீன் ஞாயிறுதோறும் வரச் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்பச்சி போக மாட்டேன் என்கிறார். ஏனென்று கேட்டால், "தம்பிக்குக் கவுரவக் குறைச்சல்" என்கிறார். ஆசையாகப் பழகினார் தம்பி, கொல்லையில் குடைக்கம்பை வைத்துக்கொண்டு. அது எனக்குத் தாங்கவில்லை.

அதனால் பங்குனி உத்திரத்துக்கு லீவு போட்டு வா. அதே திடல், அதே கலியாணசுந்தரம். யாரும் கேட்பதற்கு முன்னால் நீயாகவே, இவர் என் அப்பச்சி என்று உன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர் சப்பாத்தோடு நிற்பதும் வெறுங்காலோடு நிற்பதும் அவர் இஷ்டம். அதுவரை அவருக்கு உருக்கமாகக் கடிதம் எழுதிச் சமாளிக்காதே. காகிதத்தில் அப்பச்சி என்று எழுத எல்லோருக்கும் வரும்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், பூசிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. வேலனும் வள்ளியும் உன்னைக் காக்கட்டும், உனக்கு நல்ல புத்தியையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

உன் ஆத்தா,
தெய்வானை

அன்று நீ லாலாங் புல்லில் தொலைத்த பந்தை அப்பச்சி மறுநாள் தனியாகப் போய்த் தேடி எடுத்து, கழுவித் துடைத்துச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறார். தபாலில் அனுப்பச் சொன்னார். அனுப்ப மாட்டேன். வந்து அவர் கையால் வாங்கிக்கொள்.