‘காலி நிலம்’ என்று நான் எழுதிய இடத்தில் இருபத்திரண்டு வீடுகள்

அனுப்புநர்:
மலையடித் தோட்டத்தின் உரிமையாளர்,
(நகல் கடையில் வரைபட வேலை செய்பவர்),
மலைப்பாதையின் கடைசி வீடு.

பெறுநர்:
நில எடுப்பு அலுவலர் அவர்கள்,
எண்ணெய்க் குழாய்த் திட்டப் பிரிவு.

பொருள்: எனது ஆட்சேபனையை ஏற்றுக் குழாய்ப் பாதையை மாற்றிய ஆணையை ரத்து செய்யவும், எனது வரைபடத்தில் உள்ள பொய்யான குறிப்பை நீக்கவும் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. எனது ஆட்சேபனை மனுவும் அதனுடன் இணைத்த கைவரைபடமும்.
2. அதன்மீது தாங்கள் பிறப்பித்த ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்தின் மேல்பக்கக் கம்பிக் கதவைத் திறந்து வைத்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக என் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. மலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் பெண்கள் இந்தக் கதவு வழியாக வந்து, கிணற்றடியில் சுமையை இறக்கி, தண்ணீர் குடித்து, என்னை நாலு வார்த்தை கேலி செய்துவிட்டுப் போவார்கள். கடந்த முப்பத்தெட்டு நாட்களாக ஒருவரும் வரவில்லை. தலையில் விறகோடும் தேன் டப்பாக்களோடும் ஓடைக்கரையைச் சுற்றிப் போகிறார்கள். அது ஒரு மணி நேரக் கூடுதல் நடை. அதற்குக் காரணம் நான். அதை முறைப்படி தங்களுக்குத் தெரிவிக்கவே இந்த மனு.

2. எனக்கு நாற்பத்தாறு வயது. தனியாக வாழ்கிறேன். கல்லூரியில் புவியியல் படித்தேன். தங்கள் அலுவலகத்துக்கு எதிரே உள்ள நகல் கடையில் வரைபடம் வரைவதும் படியெடுப்பதும் என் வேலை. தோட்டம் பெற்றோர் வழியாக எனக்கு வந்தது. பங்காளிகள் யாரும் இல்லை. ஆகவே இந்த மனுவில் சொல்லப்படும் எதற்கும் வேறு யாருடைய ஒப்புதலும் தேவைப்படாது.

3. சென்ற ஆண்டு அளவையாளர்கள் வந்து மஞ்சள் முளைகளை அடித்துச் சென்றார்கள். ஒன்று என் சமையலறை வாசலுக்கு ஆறடி தள்ளி நின்றது. இன்னொன்று கிணற்றுக்கும் துவைக்கும் கல்லுக்கும் நடுவில். அப்போது நகரில் குழாய் வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்தன. எங்கள் கடைச் சுவரில் இரு தரப்புச் சுவரொட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, மழையில் சேர்ந்தே கிழிந்தன. நான் எந்த ஊர்வலத்திலும் போகவில்லை. கூட்டத்தில் நின்று பேசும் பழக்கம் எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வரைந்தேன்.

4. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, ஆட்சேபனை மனுவுடன் இணைத்த அந்தப் படத்தை வரைந்தேன். முப்பத்தொன்பது பழமரங்களையும் ஒவ்வொன்றாக அளந்து குறித்தேன். கிணற்றின் உள்வட்டம், துவைக்கும் கல், சமையலறையின் புகைபோக்கி வரை அதில் இருக்கின்றன. என் வேலி முடிந்த இடத்துக்கு மேலே தாளில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாகக் கிடந்தது. எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. “வெள்ளையா விட்டா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. எதையாவது எழுதிடும்மா” என்பார் முதலாளி. இருபது ஆண்டுப் பழக்கம் ஐயா. கை தானாகப் போனது. அழகான எழுத்தில், சரியான இடைவெளி விட்டு, ‘காலி நிலம்’ என்று எழுதினேன்.

5. அங்கே இருபத்திரண்டு வீடுகள் இருக்கின்றன. கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது. அதற்கு மேற்கே, இறந்தவர்களுக்காக நட்ட கற்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த மக்களிடம் பட்டா இல்லை என்பதால் அரசு ஆவணத்தில் இவை எதுவும் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, தேன் எடுக்கும் அக்கா அங்கிருந்து மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பாத்திரம் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. ஆகவே தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்திருந்தும் நினைக்காமல் எழுதினேன். இது பொய் சொல்வதைவிடச் சிறிய குற்றமா பெரிய குற்றமா என்று முப்பத்தெட்டு நாட்களாக யோசித்துப் பார்க்கிறேன்.

6. தங்கள் ஆணையின் நான்காம் பத்தியில், “மனுதாரரின் வரைபடத்திலேயே மேற்புறம் காலி நிலம் எனக் காட்டப்பட்டுள்ளதால், பாதையை முந்நூறு மீட்டர் மேலே நகர்த்த ஆட்சேபம் இருக்க முகாந்திரம் இல்லை” என்று உள்ளது. ஆணை எனக்குத் தபாலில் வரும் முன்பே திருத்திய வரைபடம் எங்கள் கடைக்குப் படியெடுக்க வந்துவிட்டது. பதினேழு படிகள் கேட்டிருந்தார்கள். ஐந்தாவது படி வெளியே வரும்போதுதான் அதில் அப்படியே சேர்க்கப்பட்டிருந்த ‘காலி நிலம்’ என்ற என் கையெழுத்தைக் கவனித்தேன். புதிய சிவப்புக் கோடு ஊற்றின்மேல் ஏறி, கற்களின் வரிசை வழியாகப் போயிருந்தது. ஊற்றும் கற்களும் படத்தில் இல்லாததால், பார்ப்பதற்கு அது மிகச் சுத்தமான கோடு. மீதிப் பன்னிரண்டு படிகளையும் நான் எடுத்து முடித்தேன். ஓரம் வெட்டி, மடித்து, கட்டிக் கொடுத்தேன். அப்போதே இயந்திரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

7. முதலாளி, “ஜெயிச்சுட்டியே! ஸ்வீட் எங்கம்மா?” என்றார். அந்த வாரமே, குழாய்ப் பாதையில் நிலம் உள்ள ஒருவர் கடைக்கு வந்து, “உன் படம் மாதிரியே எனக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா. மேல காலின்னு எழுத மட்டும் மறந்துடாத” என்று கேட்டார். பேனா எழுதவில்லை என்றேன். அவர் மேசைமேல் இருந்த பன்னிரண்டு பேனாக்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “எல்லாமேவா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வேறு கடையைக் கண்டுபிடித்திருப்பார். என் மனு முன்மாதிரி ஆகிவிட்டது ஐயா. ஆகவே இது என் ஒருத்தியின் சங்கடம் அல்ல.

8. அளவையாளர்கள் மலைமேல் முளை அடிக்கப் போனபோது, அங்குள்ளவர்கள் தடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அளவையாளர்கள் என் படத்தைக் காட்டி, என் எழுத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். மறுநாளிலிருந்து கதவு வழியாக ஆள் வரவில்லை. பத்து நாள் பொறுத்து நானே மேலே போனேன். தேன் எடுக்கும் அக்கா வீட்டு வாசலில் தேன் வடிகட்டிக்கொண்டிருந்தார். அங்கே என் பட்டப்பெயர் கோட்டம்மா. எப்போதும் கோடு போடுகிறவள் என்பதால். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: “வா கோட்டம்மா. உன்னை உக்காரச் சொல்லலாம்னா, காலி நிலத்துல பாய் ஏது?” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு என்னால் தலை நிமிர முடியவில்லை.

9. எல்லா வீடுகளையும் ஊற்றையும் கற்களையும் சேர்த்துப் புதிதாக வரைந்து தருகிறேன் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, “வேணாம் தாயி. நீ வரையாத வரைக்கும் நாங்க இங்கதான் இருந்தோம். நீ வரைஞ்ச பொறவுதான் இல்லாமப் போனோம்” என்றார். பிறகு, “உன் ஆபீசரை நடந்து வரச் சொல்லு. கண்ணால பாத்துட்டு எழுதட்டும்” என்றும் சொன்னார். அதனால்தான் இந்த மனுவுடன் புதிய வரைபடம் எதையும் இணைக்கவில்லை. என்னால் வரைய முடியும். அனுமதி இல்லை.

10. ஆகவே, எனது ஆட்சேபனையை நான் திரும்பப் பெறுவதாக ஏற்று, அதன் அடிப்படையில் பிறந்த ஆணையை ரத்து செய்ய வேண்டுகிறேன். ‘காலி நிலம்’ என்ற சொற்களை அடித்து, அவை பொய் என்று எழுதியவளே ஒப்புக்கொண்டதாக ஓரத்தில் குறிக்க வேண்டுகிறேன். வரும் திங்கட்கிழமை இயந்திரங்கள் மேலே ஏறவிருப்பதாக அறிகிறேன். அதற்குள் தாங்கள் ஒருமுறை நேரில் நடந்து வர வேண்டும். மலைப்பாதை தொடங்கும் இடத்திலிருந்து என் கதவு வழியாக வந்தால் நாற்பது நிமிடம்தான். காலையில் அது திறந்தே இருக்கும். உடன் வருவதற்கு எனக்குத் தகுதி இல்லை. வழி மட்டும் காட்டுகிறேன்.

11. என் ஆட்சேபனை நீங்கினால் பாதை பழைய மஞ்சள் முளைகளுக்கே திரும்பும் என்பது எனக்குத் தெரியும். சமையலறையும் கிணறும் போகும். முன்னறை நிற்கும் என்று நினைக்கிறேன். படத்தில் அளந்து பார்த்தேன். இந்தக் குழாயே எங்கும் வேண்டாம் என்று கேட்கும் துணிவு உள்ளவர்கள் நகரில் இருக்கிறார்கள். அவர்கள் வெல்லட்டும். அதுவரை அது யார் வீட்டு வழியாகப் போவது என்ற கேள்வி இருக்கும்போது, விடை மலைமேல் இருக்கக் கூடாது.

12. எனவே இன்று காலை கதவைத் திறந்துவிட்டு வந்து, கிணற்றடியில் அமர்ந்து, என் நிலத்துக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டேன். அது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இதை முதலாளியிடம் சொல்லவில்லை. மலையிலும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு வேறு யாரும் எனக்கு இல்லை. முதலில் அறிபவர் தாங்கள்தான். தயவுசெய்து மேலே போகும்போது இதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டாம். அவர்கள் என் கதவு வழியாக மறுபடி வருவதானால், தாகம் எடுத்து வர வேண்டும். எனக்கு நன்றி சொல்ல வரக் கூடாது. வேலியைப் பிரிக்கும்போது மேல்பக்கக் கம்பிக் கதவை மட்டும் நிலையோடு விட்டுவைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கிணறு மூடப்பட்டால், கதவருகே ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொள்வேன்.

இணைப்பு: கையெழுத்திட்ட சம்மதப் படிவம் – ஒன்று.

இடம்: தோட்டத்து வீடு
நாள்: புதன்கிழமை, முப்பத்தெட்டாம் நாள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
முதல் மனுவையும் இந்த மனுவையும் எழுதியவள்