பெயர் போடாத ஜெபக்குறிப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். ஆடி முடியப்போகிறது, ஒரு தூறல்கூட இல்லை. ஹாஸ்டல் போர்வெல்லில் தண்ணீர் காலையில் மட்டும்தான். துணி ஊறப்போட்டதோடு சரி.

செய்ய வேண்டியவை: சமூக நெறியியல் கட்டுரைக்குத் தலைப்பு. சோப்பு. அப்பாவுக்குப் போன். நீலச் சேலையைத் தேய்க்க.

ஞாயிறு பென்னாகரத்தில் எங்கள் சபைக் கமிட்டியின் நேர்காணல். அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் குருப்பட்ட வரிசையில் என் பெயர் ஏறும். போடாவிட்டால் மூன்று வருடம் இந்த இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தது, மொரப்பூர் ஸ்டேஷனில் நின்று போகிற ரயிலை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததற்குச் சமம்.

காலை ஆராதனை முடிந்து பிரின்சிபால் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தைரியமா இரு பாப்பா. நாங்கள்லாம் உன்னத் தாங்குறோம்." எதைத் தாங்குகிறார்கள்? நேர்காணலைச் சொல்கிறார் போல.

மெஸ்ஸில் தக்காளி சாதம். என் அறைத்தோழி சுகந்தி அவள் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள். இந்த மூன்று வருடத்தில் அவள் யாருக்கும் அப்பளம் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஏதோ சரியில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஊரிலிருந்து எங்கள் சபை ஆயர் போன். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன், கை ஈரம்.

"கிருபா, நீ ஜெபம் பண்றதில்லையாமே?"

"யாருங்க ஐயா சொன்னது?"

"தப்பா யாரும் சொல்லலம்மா. ஜெபிக்கச் சொல்லித்தான் வந்துச்சு. கமிட்டில கேள்வி வரும், அதான் முன்னாடியே சொல்றேன்."

நேராக அறைக்கு வந்து சுகந்தியிடம் கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு. போனை நீட்டினாள். வாட்ஸ்அப்பில் பெண்கள் உபவாச ஜெபக் குழு. மாவட்டத்துச் சபைகள் பாதி அதில்தான் இருக்கின்றன.

"நம் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பென்னாகரம் பகுதி சகோதரி ஒருவருக்காக. தாயார் மரித்த பின் ஜெபிக்க முடியாமல் விசுவாசத்தில் தடுமாறுகிறார். பாரத்தோடு ஜெபிக்கவும்."

போட்டவர் லீலா அம்மா. கல்லூரி ஆசிரியை, என் ஆன்மிக வழிகாட்டி. கடைசி வருடத்தில் பென்னாகரத்துக்காரி நான் ஒருத்திதான். பெயர் போடவில்லையாம். ஆதார் கார்டையும் சேர்த்தே போட்டிருக்கலாம்.

போன மாதம் அவர் அறை. எப்போதும்போல மெழுகுவத்தி ஏற்றினார், போனை மேசை டிராயரில் போட்டு மூடினார். முதல் வருடத்திலிருந்து அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. "இது எரியுற வரைக்கும் நாம பேசுறது கடவுளோடது. அணைச்சுட்டா நானே மறந்துடுவேன்." நம்பினேன். தை மாதம் அம்மா போனதிலிருந்து ஜெபம் வரவில்லை என்று சொன்னேன். சபையே முழங்காலில் நின்றது, அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் வாயைத் திறந்தால் ஒன்றுமில்லை. ஆராதனையில் நான் வாசிப்பது பஸ் போர்டு வாசிப்பது மாதிரி இருக்கிறது என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "இது வறட்சிக் காலம்மா, எல்லாருக்கும் வரும், அவசரப்படாத" என்றார். ஊதி அணைத்தார். அன்று மனசு லேசாகி ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

லீலா அம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"பேரு போடலையே கிருபா."

"பென்னாகரத்துல இருந்து வேற யாருங்கம்மா இருக்கா?"

பேனாவை மூடினார். "உன் பாரத்த நான் ஒருத்தியா சுமக்க முடியல. நாலு பேரு சேர்ந்து ஜெபிச்சா நல்லதுதானே."

"சுமக்கச் சொல்லி நான் கேக்கலீங்க. உங்ககிட்டயே வச்சிருப்பீங்கன்னுதான் சொன்னேன்."

"ஜெபத்தால யாருக்காவது கெடுதல் வருமா?"

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அதுதான் தாங்கவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கதவை அறைந்துவிட்டு வரலாம் என்று பார்த்தேன். அந்தக் கதவு ஊதிப்போன பழைய கதவு, அறைந்தாலும் மூடாது.

விஷயம் தெரிந்தவர்கள் (எனக்குத் தெரிந்த வரை): பிரின்சிபால் வீட்டம்மா. சுகந்தி. ஆயர். ஆயர் வீட்டம்மா, ஆகவே ஊர். மெஸ் அக்கா, ஏனென்றால் இன்று எனக்கு மட்டும் முட்டை. தெரியாதவர்: அப்பா. இன்னும் போன் பண்ணவில்லை. எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. அப்பாவே கூப்பிட்டார். லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறார், பின்னால் லாரிச் சத்தம்.

"சாப்ட்டியா பாப்பா?"

"சாப்ட்டேம்பா."

"ஆயரு வூட்டுக்கு வந்துட்டுப் போனாரு." இன்ஜினை அணைக்கிற சத்தம். "கடவுள்கிட்டதான் பேச முடியல. எங்கிட்டப் பேசியிருக்கலாம்ல?"

அம்மாவைப் பற்றி அவரிடம் பேச ஆரம்பித்தால் அவர் அன்றைக்கு வண்டி எடுக்கமாட்டார், அதனால்தான் சொல்லவில்லை. அதைக்கூட நானே, என் வாயால், நான் நினைத்த நேரத்தில் சொல்லியிருப்பேன். அந்த நேரத்தை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

சமூக நெறியியல் வகுப்பு. கல் குவாரி முதலாளி ஊருக்குக் கோயில் கட்டிக்கொடுக்கிறார், குவாரித் தூசியில் ஊர் இருமுகிறது. நோக்கத்தைப் பார்ப்பதா, விளைவைப் பார்ப்பதா? ஆளாளுக்கு வாதம். சார் என்னைப் பார்த்து, "கிருபா, இன்னைக்கு ஏன் அமைதி?" இருமல் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

உபவாச ஜெபம். போகவில்லை. அறையில் உட்கார்ந்து ஒரு பாக்கெட் மிக்சர் முழுவதும் தின்றேன். வேண்டுமென்றே.

சாயங்காலம் பிரின்சிபால் வீட்டம்மா என்னை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டார். ஆறுதலாக இருக்குமாம். எனக்காக அறுபது பேர் கைகூப்பி நிற்பதை நானே மேலிருந்து கீழே வாசித்தேன். ஒருவர்: "அந்த சகோதரியின் உள்ளத்தில் இருக்கும் கசப்பு நீங்கட்டும்." போன வாரம் வரை கசப்பு இல்லை அம்மணி. இப்போது இருக்கிறது, வந்து பாருங்கள்.

சுகந்தி ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள்: "ஏய், ஞாயித்துக்கிழம கேட்டா ஜெபிக்கிறேன்னு சொல்லிடு. முடிஞ்சுது. யாரு உன் மனசுக்குள்ள வந்து பாக்கப்போறாங்க?"

அவள் சொல்வதுதான் புத்திசாலித்தனம். ஒரே ஒரு 'ஆமாங்க'.

ஆகஸ்ட் 9, சனி

ஊருக்கு வந்துவிட்டேன். தர்மபுரியில் பஸ் மாறினேன், உட்கார இடமில்லை, நின்றபடியே பென்னாகரம் வரை. மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் ஒருவர் என் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

மெயின் ரோட்டில் டெய்லர் பாய் கடை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மா வெள்ளைத் துணி வாங்கி அவரிடம் கொடுத்திருந்தாள், என் குருப்பட்ட அங்கிக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், அந்த வலியிலும் கடைக்குள் உட்கார்ந்து அளவு எடுக்க வைத்தாள். "படிப்பு முடியட்டும் பாய், வெட்டிடுங்க" என்றாள். துணி இன்னும் அதே அலமாரியில், அதே கவரில்.

"எளச்சிட்டியேம்மா. மறுபடி அளவெடுக்கணும்" என்றார் பாய். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தயங்கினார். "கேள்விப்பட்டேன். எங்களுக்கும் தொழுகைல மனசு நிக்காமப் போறது உண்டு. உனக்காக துவா கேட்டிருக்கேன், வூட்லயும் கேக்கச் சொல்லியிருக்கேன்."

சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொன்னது டெய்லர் கடை வரை வந்து அளவு எடுக்கிறது. பாய்க்குச் சிரிப்பு ஏன் என்று தெரியவில்லை, அவரும் சேர்ந்து சிரித்தார். தெருவில் இறங்கியதும்தான் அழுகை வந்தது. பாய் மேல் கோபம் இல்லை.

ராத்திரி அப்பா களி கிண்டினார், கட்டி கட்டியாக. ரெண்டு பேரும் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. களியைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனைக்கு அப்புறம் பக்கத்து அறையில் கமிட்டி. டீ, பிஸ்கட். ஆறு பேர். செயலாளர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர்.

"சுத்தி வளைக்கல கிருபா. ஜெபிக்கிறியா?"

'ஆமாங்க' தொண்டை வரை வந்தது. எதிரில் ஆறு முகமும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என் கட்டுரையைப் பற்றி இருந்திருக்கும். ஆனால் என்னிடம் மிச்சமிருந்தது இந்த ஒரு உண்மைதான். அதையும் எடுத்துக்கொண்டு போய் ஊரெல்லாம் கொடுத்துவிட்டார்கள். நானும் சேர்ந்து அதைப் பொய்யாக்கிவிட்டால் எனக்கென்று எதுவும் இல்லை.

"தினமும் காலைல உக்கார்றேனுங்க சார். பேச்சு வரலீங்க."

"சாகக் கெடக்கறவங்க வூட்டுக்குக் கூப்பிட்டா என்னா பண்ணுவ? அங்கயும் சும்மா உக்காருவியா?" வேறொருவர்.

"எங்கம்மாகிட்ட அப்படித்தானுங்க உக்காந்திருந்தேன்."

யாரும் டீயைத் தொடவில்லை. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டபோது ஆயர்தான் பேசினார். ஒரு வருடம் தள்ளி வைக்கிறார்களாம். அடுத்த வருடம் பார்க்கலாமாம். "ஜெபத்தோடதாம்மா இந்த முடிவ எடுத்தோம்."

எடுத்திருப்பீர்கள்.

வெளியே அப்பா வண்டியில். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டார்ட் பண்ணினார். வழியில் நிறுத்தி வேகவைத்த வேர்க்கடலை வாங்கி மடியில் வைத்தார். டெய்லர் கடை இன்று பூட்டியிருந்தது. நல்லவேளை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை பஸ். தலைவலி. மொரப்பூரில் இறங்கி கல்லூரி வரை வெயிலில் நடந்தேன். நாளை லீலா அம்மாவிடம் போக வேண்டிய முறை. போகாவிட்டால் மதிப்பெண் கழியும். ஆன்மிக வழிகாட்டலுக்கும் மதிப்பெண் உண்டு, வாழ்க.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

போனேன். அவருக்குக் கமிட்டி முடிவு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எனக்கு முன்னால் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

தீப்பெட்டியை எடுத்தார்.

"ஏத்த வேணாங்கம்மா."

"ஏன்?"

"இன்னைக்கு நான் எதுவும் சொல்லப்போறதில்ல."

தீப்பெட்டி கையிலேயே இருந்தது. வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது, முடிகிற வழியாக இல்லை. "நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணேன்" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வண்டி போன பிறகு பேச ஆரம்பித்தார். என்னைப் பற்றி அல்ல, அவரைப் பற்றி. மெழுகுவத்தி இல்லை, போன் டிராயரில் இல்லை, மேசைமேல் ரெண்டு தடவை அதிர்ந்தது, எடுக்கவில்லை. பேசப் பேச அழுதார். டிஷ்யூ பெட்டி என் பக்கம் இருந்தது. கடைசியில் அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

அவர் சொன்னதை இங்கேயும் எழுதப்போவதில்லை. வெளியே தெரிந்தால் இந்தக் கல்லூரியில் அவருக்கு நாற்காலி இருக்காது. அவ்வளவுதான் எழுதலாம்.

மன்னித்துவிட்டேன் என்று இல்லை. ஒரு வருடம் போச்சு, துணி அலமாரியில் கிடக்கிறது, அப்பா தினமும் ஊர் முகத்தில் விழிக்க வேண்டும். கோபம் அப்படியே இருக்கிறது. வேப்பமரத்தடியில் நின்று போனை எடுத்தேன். குழு திறந்துதான் இருந்தது. ஒரு வரி போதும், பெயர்கூட வேண்டாம். "நம் கல்லூரியின் ஆசிரியை ஒருவருக்காக" என்று தட்டினேன். கைகூப்பும் படம்கூடப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழித்தேன். குழுவை விட்டும் வெளியே வந்துவிட்டேன்.

அறைக்குள் நுழைந்ததுமே சுகந்தி.

"லீலா அம்மா கண்ணெல்லாம் செவந்து போனாங்களாமே. என்னாச்சு? என்ன சொன்னாங்க உங்கிட்ட? ஜெபிக்கத்தான் கேக்கறேன்."

"மழைக்கு ஜெபி" என்றேன்.